வீடற்ற குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது எப்படி: காவிரிப் படுகைக்கான வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய திருச்சி, கடலூர்ப் பகுதிகளிலும் நிலையான வீடில்லாத குடும்பத்துக் குழந்தை ஒன்று பள்ளிக்குப் போகாமல் இருப்பதைக் காண்பவர் என்ன செய்யலாம் என்பதை இங்கே விளக்க முயல்கிறேன். பெற்றோரே இதைப் படித்துப் பயன்படுத்தலாம். ஆனால் மழைக்காலத்தில் கொட்டகையைக் காப்பாற்றவே பொழுது சரியாக இருக்கும் ஒரு தாயால் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க முடியாது. அவரோடு கூடச் செல்லும் ஆசிரியர், ஊராட்சி உறுப்பினர், தன்னார்வலர், அக்கம்பக்கத்தார் ஆகியோரை மனத்தில் வைத்தே பெரும்பாலும் எழுதியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: முதலில் குழந்தைக்கு வகுப்பறையில் இடம், சான்றிதழ்கள் அதற்குப் பின். சட்டம் இந்த வரிசையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. நடைமுறையில் வரிசை தலைகீழாவதால்தான் குழந்தைகள் வெளியே நிற்கிறார்கள்.

யாருடைய குழந்தைகள்

வீடற்றவர் என்றவுடன் கும்பகோணம், திருவரங்கம், வேளாங்கண்ணி, நாகூர் போன்ற ஊர்களில் வழிபாட்டுத் தலங்களின் அருகிலும் பேருந்து நிலையங்களிலும் படுத்துறங்குவோரே நினைவுக்கு வருவார்கள். டெல்டாவில் கணக்கு அதைவிடப் பெரிது. அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போடுவதற்காக இராமநாதபுரம் பக்கமிருந்து வரும் கீதாரிக் குடும்பங்கள், வாத்துகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்வோர், செங்கல் காளவாய்களில் தங்கி வேலை பார்ப்போர், கரும்பு வெட்ட வருவோர், பூம்பூம் மாட்டுக்காரர், நரிக்குறவர் ஆகியோரின் பிள்ளைகள் ஆண்டின் பெரும்பகுதியை நிலையான கூரையின்றிக் கழிக்கிறார்கள். வாய்க்கால் கரையிலும் ஆற்றுப் புறம்போக்கிலும் பல ஆண்டுகள் குடியிருந்து, ஆக்கிரமிப்பு அகற்றத்தில் வீடிழந்தவர்களும் உண்டு. மேட்டூரிலிருந்து உபரி நீர் பெருமளவில் திறக்கப்படும்போது கொள்ளிடக் கரையின் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் போன்ற ஊர்களின் மக்கள் முகாமுக்குச் செல்ல நேர்கிறது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் எத்தனையோ வீடுகளை ஒரே இரவில் இல்லாமல் ஆக்கியது. உறவினர் வீட்டுத் திண்ணையில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும் குடும்பத்தையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். வெளியே தெரியாமல் இருப்பதால் அந்தக் குழந்தைகளைத்தான் நாம் எளிதில் தவறவிடுகிறோம்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், வீடோ நிலையான உறைவிடமோ பிழைப்புக்கான வழியோ இல்லாமல் காணப்படும் குழந்தையைப் "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" என வரையறுக்கிறது. இந்த வரையறை பின்னால் பயன்படும்.

சட்டம் சொல்வது

அரசியலமைப்பின் 21ஏ பிரிவு, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதை நடைமுறைப்படுத்தும் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அந்தச் சட்டம் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. ஐந்தாறு பிரிவுகளை எண்ணோடு தெரிந்து வைத்திருந்தால் போதும். பிரிவு எண்ணைச் சொல்லிப் பேசும்போது எதிரில் இருப்பவர் கவனமாகக் கேட்கிறார்.

3ஆம் பிரிவு அருகமைப் பள்ளியில் படிக்கும் உரிமையைத் தருகிறது. 4ஆம் பிரிவு, இதுவரை பள்ளியே செல்லாத குழந்தையையும் இடையில் நின்ற குழந்தையையும் அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றும், மற்றவர்களுக்கு இணையாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமை அதற்கு உண்டு என்றும், பதினான்கு வயது கடந்தாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை இலவசக் கல்வி தொடரும் என்றும் கூறுகிறது. 5ஆம் பிரிவு மாற்றுச் சான்றிதழ் பற்றியது. 14ஆம் பிரிவு வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. 15ஆம் பிரிவின்படி, கல்வியாண்டின் எந்த மாதத்தில் வந்து கேட்டாலும் சேர்க்கை மறுக்கப்படக் கூடாது. 9ஆம் பிரிவு உள்ளாட்சி அமைப்பின் கடமைகளை அடுக்குகிறது. தன் எல்லைக்குள் வசிக்கும் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளின் பதிவேட்டைப் பராமரிப்பதும், இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் குழந்தைகள் பள்ளியில் சேர்வதை உறுதிசெய்வதும் அவற்றில் அடங்கும். "அவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் இல்லை" என்ற விடைக்கு இந்த ஒன்பதாம் பிரிவே பதில்.

பள்ளி வாசலில்

சேர்க்கைக்கு அரசுப் பள்ளியையோ ஊராட்சி ஒன்றியப் பள்ளியையோ அணுகுவதுதான் நல்லது. தனியார் பள்ளிகளின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கு இணையவழி விண்ணப்பமும் இருப்பிடச் சான்றும் தேவைப்படுவதால், வீடற்ற குடும்பத்துக்கு அது நடைமுறையில் எட்டாத வழியாகவே இருக்கிறது.

குழந்தையையும் பெற்றோரில் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து வகுப்புகள் தொடங்கிய பின் தலைமையாசிரியரைப் பாருங்கள். பெரும்பாலான தலைமையாசிரியர்கள் மறுக்க விரும்புவதில்லை. பதிவேட்டிலும் கணினியிலும் நிரப்ப வேண்டிய கட்டங்கள் காலியாக இருக்குமே என்றுதான் தயங்குகிறார்கள். அந்தக் கட்டங்களை எப்படி நிரப்புவது என்று நீங்கள் தெரிந்துகொண்டு சென்றால் பாதித் தயக்கம் நீங்கிவிடும்.

வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால், மருத்துவமனைப் பதிவேடு அல்லது கிராமச் சுகாதாரச் செவிலியரின் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு, இவையும் இல்லாவிட்டால் பெற்றோர் அல்லது காப்பாளர் எழுதித் தரும் வயது உறுதிமொழி ஆகியவற்றைக் கல்வி உரிமை விதிகள் ஏற்கின்றன. ஒரு வெள்ளைத் தாளில் குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், தெரிந்தவரை பிறந்த நாள் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ இட்டால் போதும். பிறந்த நாள் தெரியாதபோது "கஜா புயலுக்கு முந்தைய சித்திரையில் பிறந்தான்" என்பது போன்ற தாயின் நினைவிலிருந்து ஆண்டையும் மாதத்தையும் கணக்கிடலாம். இதில் அவசரப்படாதீர்கள். இன்று எழுதும் தேதிதான் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை கூடவே வரும். ஆகவே தாயிடமும் பாட்டியிடமும் தனித்தனியாகக் கேட்டு, மூத்த, இளைய பிள்ளைகளின் வயதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எழுதுங்கள்.

முகவரிக் கட்டத்தில் குடும்பம் உண்மையில் தங்கியிருக்கும் இடத்தை எழுதலாம்: இன்ன ஊராட்சி, இன்ன காளவாய், இன்ன வாய்க்கால் பாலத்தின் வடகரை. வயதுச் சான்றே இல்லாமல் சேர்க்கச் சொல்லும் சட்டம், முகவரிச் சான்றை எங்கும் நிபந்தனையாக வைக்கவில்லை. நகர்ப்புற வீடற்றோருக்கான தங்குமிடத்தில் இருப்பவர்கள் அந்தத் தங்குமிடத்தின் முகவரியையே தரலாம். தொலைபேசி எண் கேட்கப்படும்போது பெற்றோருக்குக் கைப்பேசி இல்லையெனில், அவர்களின் ஒப்புதலோடு நம்பகமான ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். பள்ளியின் தகவல்கள் அந்த எண்ணுக்குத்தான் வரும் என்பதால், அந்த ஒருவர் குடும்பம் இடம் மாறினாலும் தொடர்பில் இருப்பவராக இருக்க வேண்டும்.

ஆதார் இல்லை என்பதைக் காரணமாக்க முடியாது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வழங்கிய தீர்ப்பு, பள்ளிச் சேர்க்கை மானியமோ சேவையோ அன்று, ஆறு முதல் பதினான்கு வயதுக் குழந்தைகளுக்கு அது அடிப்படை உரிமை, எனவே அதற்கு ஆதாரைக் கட்டாயமாக்க இயலாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. சேர்ந்த பிறகு ஆதார் எடுப்பது பயனுள்ளதுதான். பல உதவித்தொகைகள் வங்கிக் கணக்கின் வழியே வருவதால் பின்னர் தேவைப்படும். ஆனால் அது பின்னர் செய்ய வேண்டிய வேலை.

மாற்றுச் சான்றிதழ், அதாவது எல்லோரும் டிசி என்று சொல்வது, டெல்டாவில் அதிகச் சிக்கலைத் தருகிறது. குடும்பம் ஒருநாள் இரவோடு இரவாகக் கிளம்பியிருக்கும், அல்லது டிசி வெள்ளத்தில் போயிருக்கும், அல்லது பழைய பள்ளி வேறு மாவட்டத்தில் இருக்கும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவது சேர்க்கையைத் தாமதப்படுத்தவோ மறுக்கவோ காரணமாகாது என்று 5ஆம் பிரிவு கூறுகிறது. கேட்டவுடன் அதை வழங்காத தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் அதே பிரிவு இடமளிக்கிறது. நடைமுறைத் தடை வேறிடத்தில் இருக்கிறது. மாணவர் விவரங்களைப் பதிவு செய்யும் கல்வித் துறையின் எமிஸ் இணையத்தளத்தில் குழந்தையின் பெயர் பழைய பள்ளியிலேயே நிற்கும். அவர்கள் அதைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். எனவே பழைய பள்ளியின் பெயரையும் ஊரையும் குழந்தையிடமே கேட்டறிந்து, புதிய தலைமையாசிரியரைப் பழைய தலைமையாசிரியரோடு தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். அதில் தீராவிட்டால் ஒன்றிய அளவிலான கல்வித் துறை அலுவலகமான வட்டார வள மையத்தில் எமிஸ் பணியைக் கவனிப்பவரிடம் குழந்தையின் பெயர், தந்தை பெயர், பழைய பள்ளி ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுங்கள். இந்தக் கணினி வேலை முடியும்வரை குழந்தை வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நீண்ட நாள் வராததால் பெயரை நீக்கிவிட்டதாகச் சொல்லப்பட்டாலும் அதோடு முடிந்துவிடுவதில்லை. 4, 15ஆம் பிரிவுகளின்படி அதே குழந்தை அதே பள்ளியில் மீண்டும் சேரலாம்.

வயதுக்கேற்ற வகுப்பும் பின்தங்கிய படிப்பும்

பத்து வயதுப் பிள்ளைக்கு எழுத்து தெரியாது என்பதற்காக அவனை ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பது சட்டத்துக்கும் முரண், அவனது தன்மானத்துக்கும் கேடு. பாதி உயரமுள்ள குழந்தைகளுக்கு நடுவே அமர்ந்திருக்கும் சிறுவன் விரைவிலேயே நின்றுவிடுவான். ஐந்தாம் வகுப்பில் சேர்த்துவிட்டு, குறைந்தது மூன்று மாதம் முதல் அதிகபட்சம் இரண்டு ஆண்டு வரை சிறப்புப் பயிற்சி தர விதிகள் வழிசெய்கின்றன. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் இதற்கான மையங்கள் இயங்குகின்றன. உங்கள் ஒன்றியத்தில் மையம் எங்கே என்பதை வட்டார வள மையம் சொல்லும். ஆண்டுதோறும் நடக்கும் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் இந்தக் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் அங்கேயே கேளுங்கள், ஏனெனில் பயிற்சி ஏற்பாடுகள் அந்தப் பட்டியலைப் பார்த்தே திட்டமிடப்படுகின்றன. தொடக்க வகுப்புகளில் "எண்ணும் எழுத்தும்" திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பதால், தாமதமாக வந்த குழந்தை அரும்பு நிலையில் தொடங்குவது வகுப்பில் வேறுபாடாகத் தெரியாது. ஆசிரியரிடம் இதை நினைவூட்டுங்கள்.

கிடை, காளவாய், கரும்பு வெட்டு

பருவந்தோறும் நகரும் குடும்பங்களுக்கு ஒரே ஒருமுறை சேர்க்கை பெற்றுத் தருவதால் பயன் குறைவு. சம்பா, தாளடி அறுவடை தைக்குப் பின் முடிய, கிடைகள் வயலில் இறங்குகின்றன. பள்ளியிலோ அதுதான் ஆண்டுத் தேர்வை நோக்கிச் செல்லும் காலம். ஆக, நகரும் குடும்பத்தின் குழந்தை ஆண்டின் முக்கியமான மாதங்களைத் தொடர்ந்து இழக்கிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. குழந்தை குடும்பத்தோடு நகர்வதென்றால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பள்ளிக்குச் சொல்லி, மாற்றுச் சான்றிதழையோ, குறைந்தபட்சம் வகுப்பு, எமிஸ் எண், பள்ளியின் பெயர் ஆகியவற்றைத் தலைமையாசிரியர் முத்திரையோடு எழுதிய ஒரு தாளையோ வாங்கிக்கொள்ளப் பழக்க வேண்டும். அந்தத் தாளை நெகிழி உறையில் போட்டு, குடும்ப அட்டையோடு வைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஊரில் அருகமைப் பள்ளி அந்தக் குழந்தையைச் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டது.

இரண்டாவது வழி, குழந்தை சொந்த ஊரிலோ பெரிய பள்ளி உள்ள ஊரிலோ தங்கிப் படிப்பது. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நல விடுதிகள் 2025இல் சமூகநீதி விடுதிகள் எனப் பெயர் மாற்றப்பட்டன. உணவும் உறைவிடமும் அங்கே இலவசம். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை விடுதிகளில் விண்ணப்பிக்கும்போது சாதி, வருமானச் சான்றிதழ்களைக் கேட்பதில்லை. விடுதியில் சேரும்போது அளித்தால் போதும். சான்றிதழ் இல்லை என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடுபவர்களிடம் இதைத் தவறாமல் சொல்லுங்கள். பள்ளி இடைநின்ற சிறுமியருக்குக் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா உறைவிடப் பள்ளிகளும் உண்டு. இவ்விரு வழிகளில் எது என்பதைக் குடும்பமே முடிவு செய்யட்டும். சிறு குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து விடுதியில் விடுவதை நான் எளிதில் பரிந்துரைக்க மாட்டேன். ஆறாம் வகுப்புக்கு மேல், குழந்தையும் விரும்பினால், விடுதி பெரும் துணை.

முன்பணத்துக்கு ஈடாக ஆடு மேய்க்கவோ வாத்து மேய்க்கவோ விடப்பட்ட சிறுவனைக் கண்டால் பள்ளிச் சேர்க்கையில் தொடங்காதீர்கள். உரிமையாளரிடம் பேரம் பேசவும் வேண்டாம். சிறுவனை அன்றே வேறிடத்துக்கு மாற்றிவிடும் ஆபத்து இருக்கிறது. உடனே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் வருவாய்க் கோட்டாட்சியருக்கும் தெரிவியுங்கள். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது; விடுவிப்புச் சான்றிதழ் பெறுவது பின்னர் வரும் மறுவாழ்வு உதவிகளுக்கு அடிப்படை. பள்ளிச் சேர்க்கையை அதற்கடுத்து, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள் குறித்து முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் வழியே செய்வது பாதுகாப்பானது.

வெள்ளமும் புயலும்

வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் உக்கிரமாகும்போது பள்ளிக் கட்டடமே முகாமாகிறது. முகாமில் குழந்தைகளின் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பை யாராவது ஒருவர் முதல் நாளே எடுத்துக்கொள்ள வேண்டும்: பெயர், வகுப்பு, பள்ளி, இழந்த பொருள்கள். நீர் வடிந்ததும் அந்தப் பட்டியலை வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்துப் பாடநூல், நோட்டு, சீருடை ஆகியவற்றை மீண்டும் கேளுங்கள். பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் தொலைந்திருந்தால் அரசுத் தேர்வுகள் இயக்ககத்திலிருந்து இரண்டாம் படி பெறலாம். கரையோர ஊர்களில் மழைக்கு முன்பே எல்லாச் சான்றிதழ்களையும் கைப்பேசியில் படமெடுத்து இருவருக்கு அனுப்பி வைத்தால் பின்னால் பெரும் அலைச்சல் மிச்சமாகும்.

குழந்தையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ

தெருவில் வாழும் பெற்றோரிடம் பேசும்போது வெளியில் சொல்லாத அச்சம் ஒன்று எப்போதும் இருக்கும்: அதிகாரிகளிடம் போனால் பிள்ளையைக் காப்பகத்தில் அடைத்துவிடுவார்கள் என்பது. இந்த அச்சத்தை மதித்து, நேர்மையாக விடை சொல்லுங்கள். குழந்தைகள் நலக் குழுவுக்குக் குழந்தையை இல்லத்தில் தங்கவைக்க ஆணையிடும் அதிகாரம் உண்டு என்பது உண்மை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, குழந்தையைப் பராமரிக்கும் முதன்மைப் பொறுப்பு குடும்பத்துக்கே உரியது என்றும், இல்லத்தில் வைப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும் கைக்கொள்ள வேண்டிய கடைசி நடவடிக்கை என்றும் கொள்கை வகுத்திருப்பதும் உண்மை. தாய் தந்தை அன்போடு வளர்க்கும் குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பதற்குக் குழுவிடம் செல்ல வேண்டிய தேவையே இல்லை. தலைமையாசிரியரிடம் சென்றால் போதும். ஆதரவற்று நிற்கும் குழந்தை, பிச்சை எடுக்க வைக்கப்படும் குழந்தை, அடிபடும் குழந்தை ஆகியோருக்காகவே குழுவும் 1098 எண்ணும் முதலில் நினைவுக்கு வர வேண்டும்.

குழந்தையைக் குடும்பத்தோடு வைத்துப் படிக்கவைக்கப் பண உதவியும் உண்டு. மிஷன் வாத்சல்யா என்னும் மத்திய அரசுத் திட்டத்தின் நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய். வீடற்ற குழந்தைகளும் இயற்கைப் பேரிடரால் பாதிக்கப்பட்டவர்களும் அதன் தகுதிப் பட்டியலில் உள்ளனர். குடும்ப ஆண்டு வருமானம் ஊரகத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்கு மிகாதிருக்க வேண்டும். பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத குழந்தைகளுக்கும் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் மாதம் 2,000 ரூபாய் வழங்குகிறது. முதல் திட்டத்துக்கான விண்ணப்பத்தை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். இரண்டாவதைப் பற்றியும் அங்கேயே கேட்டறியலாம்.

மறுத்தால்

வாய்ச்சொல்லாக மறுக்கப்பட்டால், சண்டையிடாமல் ஒரு விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள். கீழே உள்ளதை அப்படியே பயன்படுத்தலாம்.

"பெறுநர்: தலைமையாசிரியர், ........ பள்ளி, ........ ஒன்றியம். ஐயா / அம்மா, என் மகள் ........ (வயது ....) தற்போது ........ என்னும் இடத்தில் எங்களோடு தங்கியிருக்கிறாள். எங்களுக்கு நிலையான வீடு இல்லை. அவளை வயதுக்கேற்ற ....ஆம் வகுப்பில் இன்றே சேர்த்துக்கொள்ளுமாறு கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 3, 4, 5, 14, 15ஆம் பிரிவுகளின்படி கேட்டுக்கொள்கிறேன். வயது பற்றிய என் உறுதிமொழியை இணைத்துள்ளேன். மாற்றுச் சான்றிதழும் ஆதாரும் கிடைத்தவுடன் ஒப்படைக்கிறேன். சேர்க்க இயலாதெனில் அதற்கான காரணத்தை எழுத்தில் தருமாறு வேண்டுகிறேன். இப்படிக்கு, ........"

இரண்டு படிகள் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். காரணத்தை எழுத்தில் கேட்கும் கடைசி வாக்கியம்தான் இக்கடிதத்தின் உயிர். சட்டத்துக்கு மாறான மறுப்பை எழுத்தில் தர யாரும் முன்வருவதில்லை என்பதால், பெரும்பாலும் சேர்க்கை அந்த இடத்திலேயே நடந்துவிடும்.

நடக்கவில்லையெனில் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, வட்டாரக் கல்வி அலுவலர், பின் மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என மேலே செல்லுங்கள். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தால் எண்ணுடன் ஒப்புகை கிடைக்கும். முறையான சட்டவழி கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு: உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் கொடுக்கப்படும் புகாரை அது மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிவு செய்ய வேண்டும்; முடிவில் நிறைவில்லையெனில் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். மூன்று மாதம் ஒரு குழந்தைக்கு மிக நீண்ட காலம், ஆகையால் இதை மற்ற முயற்சிகளோடு சேர்த்தே தொடங்குங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரிலோ 15100 எண்ணிலோ அணுகலாம்.

சேர்ந்த பின் முதல் மாதம்

என் பார்வையில், இந்த மாதத்தில்தான் பல குழந்தைகளை மீண்டும் இழக்கிறோம். பதிவேட்டில் பெயர் ஏறியதோடு உதவியவர் விலகிவிடுகிறார். அழுக்குச் சட்டையும் வராத வீட்டுப்பாடமும் குழந்தையை வெளியே தள்ளிவிடுகின்றன.

சேர்த்த அன்றே சத்துணவுப் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். மதிய உணவுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை: ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நான்கு இணை விலையில்லாச் சீருடை, சத்துணவு உண்ணும் மாணவர்களுக்கே வழங்கப்படுகிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் உண்டு. 2023 ஆகஸ்ட் 25 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருக்குவளையில்தான் அந்தத் திட்டம் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அடுப்பு மூட்ட இடமில்லாத குடும்பத்துக்கு இந்த இரண்டு வேளை உணவு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாடநூல்களைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ள ஒரு இடம் கேளுங்கள். மழையில் நனைவதும் தொலைவதும் குறையும். விளக்கில்லாத இடத்தில் வாழும் குழந்தைக்கு வீட்டுப்பாடத்தை மாலை மணி அடிப்பதற்கு முன்பே முடிக்க நேரம் தருமாறு வகுப்பாசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். குளிக்கவும் சீருடை துவைக்கவும் பள்ளியின் குடிநீர்த் தொட்டியருகேயோ பக்கத்து வீட்டிலோ வழி செய்ய முடிந்தால் செய்யுங்கள். குழந்தை எங்கே தூங்குகிறது என்பது தலைமையாசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும், கூட்டத்தில் சொல்லப்படக் கூடாது. ஏளனமும் மனத் துன்புறுத்தலும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு விகிதாசார இடம் உண்டு; காளவாயில் வேலை செய்யும் ஒரு தாய் அந்தக் குழுவில் இருக்கும் பள்ளியில், அடுத்து வரும் காளவாய்க் குழந்தையைச் சேர்ப்பது எளிதாகிறது.

வீட்டில் பள்ளி வயதுக்கு உட்படாத தம்பி தங்கை இருந்தால் அதே நடையில் அங்கன்வாடியிலும் சேர்த்துவிடுங்கள். அங்கிருக்கும் பதிவேடு பின்னால் வயதுச் சான்றாகும். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை உள்ளிட்டவற்றில் பிறந்த தேதிக்கான சான்றாகப் பிறப்புச் சான்றிதழையே முன்வைக்கும் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்திருப்பதால், பதிவாகாத பிறப்புகளை இப்போதே பதிவு செய்வது அவசியம். ஓராண்டு கடந்திருந்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் விண்ணப்பித்து ஆணை பெற வேண்டும்.

எட்டாம் வகுப்புக்கு மேல் கல்வி உரிமைச் சட்டம் துணைக்கு வராது. ஆனால் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் திறந்தே இருக்கின்றன, விடுதிகளும் நிதி ஆதரவும் பதினெட்டு வயது வரை தொடரும். சிறுமியருக்கு இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டுக்கும் அதுவே தகுதி. ஆகவே எத்தனை ஊர் மாறினாலும், ஒவ்வொரு பள்ளியிலும் எந்த வகுப்பை எந்த ஆண்டில் படித்தாள் என்பதற்கான படிப்புச் சான்றிதழை அந்தந்த ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கி, மற்ற தாள்களோடு அதே நெகிழி உறையில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.